வெள்ளை டைல்ஸும் அப்பாவின் வயிறும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவுக்குக் குறித்து வைத்திருந்த ஆபரேஷனை நேற்று நானே நேரில் போய் ரத்து செய்துவிட்டு வந்தேன். வயிறு முழுசாக இருக்கிறது, ஆளும் முழுசாக இருக்கிறார், இப்போது உள் அறையில் குறட்டை விட்டுத் தூங்குகிறார், அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நான் சுகம்தான், என் முழங்கால் மட்டும் வழக்கம்போல என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொள்கிறேன், நம்புவதைத் தவிர இவ்வளவு தூரத்திலிருந்து வேறென்ன செய்ய முடியும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு யோசனை சொல்லிவிடுவாய், பக்கத்தில் உன் மாமா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் கடைசிவரை படி. இதில் உனக்குப் பிடிக்காத விஷயம் இருக்கிறது, நீ செய்ய வேண்டிய வேலையும் ஒன்று இருக்கிறது.

இந்த வலியைப் பற்றி உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ராத்திரி சாப்பிட்டுப் படுப்பார், கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். சில நாள் வாந்தி, சில நாள் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடை, விடிந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். கேட்டால், வாயுத் தொல்லைம்மா, விடு, என்பார். உன் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும், வலி வந்தால்கூட வந்த வலிக்கு உட்கார இடம் கொடுத்தோமா என்று கவலைப்படுகிறவர். கன்னம் ஒட்டிப்போய், இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டுக்கொள்கிற நிலைமைக்கு வந்த பிறகுதான் நான் விழித்துக்கொண்டேன். நான் விழித்துக்கொள்வதற்கு முன்பே உன் மாமா விழித்துக்கொண்டுவிட்டான். என் தம்பிக்கு வேலை என்று ஒன்று இல்லாததால் எல்லா வேலையும் தெரியும், இது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அக்கா, அத்தான இடது பக்கமா படுக்கச் சொல்லு, என்றான். படுத்தார். பால நிறுத்து என்றான், நிறுத்தினேன். அப்புறம் பாலே மருந்து, ராத்திரி ஒரு டம்ளர் சூடா குடு, என்றான். அவன் போன் ராத்திரிக்கு ராத்திரி ஒரு புது மருத்துவம் பெற்றுப் போடும், காலையில் இவன் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிடுவான். கட்டிலைத் திருப்பிப் போட்டான், மெத்தையை மாற்றினான், அதற்கு மேல் மாற்ற ஒன்றும் இல்லை என்றதும், இது ஸ்ட்ரெஸ்க்கா, மனசு வயித்து வழியா பேசுது, என்றான். மனசு பேசியதோ இல்லையோ, இவன் வாய் ஒரு நாளும் ஓயவில்லை. நீ உன் பங்குக்கு, மூச்சை இழுத்து விடச் சொல்லும் ஒரு பெண்குரலை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாய். அந்தக் குரல் இழுங்கள் என்றால் இழுத்தார், விடுங்கள் என்றால் விட்டார், அப்புறம் எழுந்து போய் வாந்தி எடுத்தார். நன்றாக இருந்தது உங்கள் வைத்தியம்.

அப்புறம்தான் மீன்தொட்டி டாக்டர். பெயர் நான் வைத்தது. அவர் வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே விளக்கு, கூழாங்கல், குமிழி விடும் பொம்மை எல்லாம் உண்டு, ஒரு மீன் மட்டும் மல்லாந்து மிதக்கிறது. நாங்கள் முதல் தடவை போனபோதும் மிதந்தது, அடுத்த தடவையும் அதே மாதிரி. சொந்தத் தொட்டியில் கிடக்கிற மீனைப் பார்க்காத ஆள் ஊரான் வயிற்றை என்ன பார்க்கப் போகிறார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. உள்ளே போனால் அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. வெளிய சாப்பிடுவீங்களா? இல்லீங்க, வீட்டுச் சாப்பாடுதான். காரம்? கம்மிதாங்க. குடி, சிகரெட்? தொட்டதில்லீங்க. பொய் ஒன்றும் இல்லை, உன் அப்பா பொய் சொல்லத் தெரியாதவர், இந்தத் தானிய வியாபாரத்தில் அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனிக் கதை. ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் ஒரு கல் தெரிந்தது. அந்தக் கல்லைப் பார்த்ததும் டாக்டர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும், எத்தனையோ நாளாகக் காணாமல் போன சொந்தக்காரரைச் சந்தையில் கண்டுபிடித்தவர் மாதிரி. பித்தப்பைய எடுத்துட்டா நிம்மதியா தூங்கலாம் என்றார். கல் இருப்பது சரி, வலி அதனால்தான் வருகிறது என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வேற காரணம் எதுவும் தெரியலயேம்மா என்றார். வேறு யாரும் கண்ணில் படவில்லை என்பதற்காக வாசலில் நின்றவனைப் பிடித்துக் கட்டிவைப்பது எந்த ஊர் நியாயம்? என் கோடவுனில் ஒரு மூட்டை காணாமல் போய், நான் இப்படித் தீர்ப்பு சொன்னால் லோடு தூக்குகிறவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

தேதி குறித்துவிட்டார்கள். உன் அப்பா தலையாட்டிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பீரோச் சாவியை என் கையில் கொடுத்து, எதுக்கும் உங்கிட்ட இருக்கட்டும், என்றார். எதுக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கத்தி என்றால் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பயம், அது எனக்குத் தெரியக் கூடாது என்று சாவியைக் கொடுத்த கையோடு பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அதே வாரத்தில் உன் மாமா, அத்தான் இனிமே ரெஸ்ட் எடுக்கட்டும்க்கா, முன் கடைய நான் உக்காந்து பாத்துக்கறேன், என்றான். ராத்திரி நீ போனில், ஆபரேஷன் முடிஞ்சதும் அப்பாவ இங்க அனுப்பிடும்மா, அவர் உழைச்சது போதும், என்றாய். ஒரு கல்லுக்காக ஒரு மனுஷனை அறுத்து, நாற்காலியிலிருந்து பிடுங்கி, விமானத்தில் ஏற்றிவிடுவது என்று மூன்று பேருமாக முடிவு செய்துவிட்டீர்கள். இந்த வியாபாரத்தை நான்தான் கட்டினேன், ஒரு தராசோடு தெருமுனையில் உட்கார்ந்து ஆரம்பித்தது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பேசுவதும் வசூல் செய்வதும் ஆளை மிரட்டுவதும் நான். ஆனால் சரக்கு வாங்குவது அவர் பல். நாலு தானியத்தை வாயில் போட்டு ஒரு கடி கடித்தால், எவ்வளவு ஈரம், எந்த அறுவடை, பழசில் புதுசைக் கலந்தானா, பூச்சிமருந்து தூக்கலாக அடித்தானா, எல்லாம் சொல்லிவிடுவார். அந்தப் பல் கடையை விட்டுப் போனால் அப்புறம் கடை என்பது வெறும் போர்டும் பில் புத்தகமும்தான். அதைவிட முக்கியம், அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் அவர் என்ன ஆவார் என்று நீங்கள் யாரும் யோசிக்கவில்லை. உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பனியைக் கடித்துப் பார்த்து ஈரம் சொல்வாரா?

ஒரு மூட்டையில் எடை குறைந்தால் நான் ஆளைத் திட்டிக்கொண்டு நிற்க மாட்டேன், மூட்டை வந்த வழியிலேயே திரும்பி நடப்பேன், எந்த இடத்தில் ஓட்டையோ அந்த இடத்தில் தரையில் தானியம் கிடக்கும். உன் அப்பாவையும் அப்படியே பார்க்க ஆரம்பித்தேன். முதலில் என் சமையல். அவர் சாப்பிட்டதையே, அவர் தட்டிலிருந்தே எடுத்து நானும் சாப்பிட்டேன், எனக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திப் பார்த்தேன், வெறும் வயிற்றிலும் வலித்தது, பாவம், பசியோடு சேர்ந்து வலித்தது. ஆக வீடு இல்லை. அந்தச் சமயத்தில் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, நினைவிருக்கிறதா, சரக்கு வராமல் கடை காய்ந்துபோய், வாங்குகிறவர்கள் வாசலில் நின்று கத்திய கத்தலில் எனக்கே தலைவலி வந்தது. அந்த நாள் எல்லாம் உன் அப்பா குழந்தை மாதிரி தூங்கினார். டாக்டர் தான் எழுதிக் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது என்றார். உன் மாமா இடது பக்கம் என்றான். நீ மூச்சு என்றாய். லாரி திரும்ப வந்த அன்றைக்கே வலியும் திரும்ப வந்தது. அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் பொறி தட்டியது, வாராந்திர விடுமுறை ராத்திரிகளில் அவருக்கு ஒரு நாளும் வலித்ததில்லை. ரெஸ்ட்டுக்கா, அதான் நான் சொன்னேனே ஸ்ட்ரெஸ்ஸுன்னு, என்று உடனே வந்துவிட்டான் உன் மாமா. அடே, சரக்கே இல்லாமல் ஊரே வந்து திட்டிய நாட்களில் தூங்கிய மனுஷனுக்கு, சரக்கு வந்து நிம்மதியாக இருக்கும் நாளில் என்னடா ஸ்ட்ரெஸ் என்று கேட்டேன். போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். லாரியோடு ஏதோ வருகிறது, அது அவர் வயிற்றுக்குள் போகிறது, இவ்வளவுதான் விஷயம்.

நீ புதுப்பித்த முன் கடையில் நான் உட்காருவதில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த ஏசி என் முழங்காலைத் தேடிப் பிடித்துக் கடிக்கிறது, அதனால் பின்னால் கோடவுனிலேயே என் ராஜ்யம். ஏசி பார்க்க ஆள் வருகிறான் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மத்தியானம் முன்னால் போய் உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் செய்திருக்கிறாய், வெள்ளை டைல்ஸ், கண்ணாடிக் கதவு, மூலையில் செடி, சுவரில் எச்சில் துப்பாதீர் என்று இரண்டு நிறத்தில் போர்டு. லோடு ஆட்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். நான் இருக்கும்போதே ஒரு பெரியவர் கதவைத் திறந்து, டாக்டர் இருக்காரா, என்று கேட்டார். லாரி இறங்கிய பிறகு தரகர்கள் ஒவ்வொருவராக சாம்பிள் பொட்டலத்தோடு வந்தார்கள். முதலில் சென்ட் தரகர், அவர் வருவதற்கு முன் அவர் வாசனை வந்து நாற்காலியில் உட்காருமே, அவர்தான். அண்ணே, முத்து மாதிரி சரக்கு இது, கடிச்சுப் பாருங்க, பல்லு ஒடஞ்சா நான் பொறுப்பு, என்றார். உன் சரக்குல பல்லு ஒடயாதுய்யா, அழுந்தும், என்று சொல்லிக்கொண்டே உன் அப்பா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக் கடித்தார், மென்றார். மென்றுவிட்டு, பழக்கத்தில் தலையை இடது பக்கம் திருப்பினார். பழைய கடையில் அங்கேதான் பக்கக் கதவும் சாக்கடையும், எத்தனை வருஷம் திரும்பிய கழுத்து. இப்போது அங்கே பளபளவென்று சுவர். சுவரைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. ஈரம் இருக்குய்யா, காயவெச்சு எடுத்துட்டு வா, என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பொட்டலம், அதற்கடுத்த பொட்டலம், கடலை, பட்டாணி, மக்காச்சோளம், அப்புறம் ஹோட்டல்காரர்கள் கேட்கிறார்கள் என்று புதிதாக நாம் எடுக்க ஆரம்பித்தோமே, அந்தக் காய்ந்த சிவப்பு பீன்ஸ், அதுவும் நாலு பேரிடமிருந்து. எல்லாம் பச்சையாக, எல்லாம் உள்ளே. கடை அடைக்கிற நேரத்தில் ஒரு கழுதைக்குப் போடுகிற தீனி அவர் வயிற்றில் இருந்தது, அதுவும் கழுதை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லக்கூடிய தீனி.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன். முழுங்கறீங்களா? திருடன் மாதிரி முழித்தார். பின்ன எங்க துப்பறது என்றார். எழுந்து பாத்ரூமுக்குப் போனால் என்ன என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்து, பேரம் நடக்கறப்ப எந்திரிச்சா எதிராளிக்கு நம்ம மனசு தெரிஞ்சுடும், உனக்குத் தெரியாததா, என்றார். அது வாஸ்தவம்தான், நாற்காலியை விட்டு எழுந்தவன் விலையை விட்டுக்கொடுத்தவன், இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். சரி, அந்தச் செடித் தொட்டி கையெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது என்றேன். துருவித் துருவிக் கேட்ட பிறகு சொன்னார். புதுப்பித்த கடையைத் திறந்த புதிதில் அதில்தான் துப்பிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் நீ வீடியோவில் கடையைச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தபோது அந்தத் தொட்டி கண்ணில் பட்டிருக்கிறது. ச்சீ, என்னப்பா இது அசிங்கம், பாக்கறவங்க என்ன நினைப்பாங்க, என்று சொன்னாயாம். நீ சொன்னது உனக்கு நினைவே இருக்காது, அடுத்த நிமிஷம் திரைச்சீலை நிறத்தைப் பற்றிப் பேசியிருப்பாய். அவர் அன்று ராத்திரியே தொட்டியைக் கழுவி, புது மண் போட்டு, அடுத்த நாளிலிருந்து விழுங்க ஆரம்பித்துவிட்டார். அவ எவ்ளோ ஆசையா போட்ட டைல்ஸு, என்றார் என்னிடம். டாக்டர் கேட்டபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்றேன். அவர் என்ன சாப்பிட்டேன்னுதானே கேட்டார் என்றார். சாம்பிள் சாப்பாடாம்மா? அது வேலை. இதுதான் உன் அப்பா. வேலை என்ற பெயரில் கல்லைக் கொடுத்தாலும் கணக்கில் சேர்க்காமல் விழுங்கிவிட்டு, கேட்டால் வீட்டுச் சாப்பாடுதாங்க என்பார்.

நான் அவசரப்படவில்லை. ஏசி பொய்யையே பிடித்துக்கொண்டு முன் கடையைப் பூட்டிவிட்டு, தரகர்களைப் பின்னால் கோடவுனுக்கு வரச் சொன்னேன். அங்கே கல்தரை, பக்கத்தில் மண், பேரத்தைக் கெடுக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே துப்பலாம். லாரி வந்துகொண்டுதான் இருந்தது, சாம்பிளும் வந்துகொண்டுதான் இருந்தது, மாத்திரையை நிறுத்தினேன், பாலை நிறுத்தினேன், மூச்சுக்காரியை நிறுத்தினேன், இடது பக்கமோ வலது பக்கமோ அவர் இஷ்டத்துக்குப் புரண்டார். வலி வரவில்லை. ஒரு ராத்திரிகூட வரவில்லை. அதன் பிறகுதான் சிவப்பு பீன்ஸை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு மீன்தொட்டி டாக்டரிடம் போனேன். மேஜையில் அவிழ்த்துக் கொட்டினேன். என்னம்மா இது என்றார். நீங்க கேக்காம விட்ட சாப்பாடு என்றேன். முதலில் கோபம்தான் வந்தது அவருக்கு. நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, முதல் முறையாகக் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். பச்சையாவா, எவ்ளோ, என்றார், உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். இந்தப் பீன்ஸைப் பச்சையாகத் தின்பது விஷத்தைத் தின்பதற்குப் பக்கத்தில் வருமாம், நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அந்தக் கெடுதல் போகுமாம், ஒரு சில விதைகளே போதுமாம், சில மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடுமாம், தினமும் இதைத் தின்ற மனுஷன் நடமாடியதே பெரிது என்றார். அப்ப அந்தக் கல்லு? கல்லு பாட்டுக்கு இருக்கட்டும்மா, தொந்தரவு குடுக்காத வரைக்கும் தொட வேணாம், மேல் வயித்துல வலியோ காய்ச்சலோ கண்ணு மஞ்சளோ வந்தா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க, என்று சொல்லித் தேதியை அவர் கையாலேயே அடித்தார். ஒன்று சொல்ல வேண்டும், அந்த மனுஷன் தோற்றால் தோற்றேன் என்று ஒத்துக்கொள்கிறார். கிளம்பும்போது, வெளியே ஒரு மீன் மல்லாந்து கிடக்கிறது, முடிந்தால் அதையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் மாமாவிடம் அந்த நல்ல குணமும் கிடையாது. விஷயத்தைக் கேட்டதும், நான் அப்பவே நினைச்சேன்க்கா, இது பீன்ஸா இருக்கும்னு, என்றான். அவனைக் கோடவுனில் சாக்குகளை உதறி அடுக்கச் சொல்லியிருக்கிறேன், நினைப்பதற்கு நல்ல இடம்.

இப்போது உன்னிடம் வருகிறேன். வலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் ஏசி எத்தனை நாள் ரிப்பேராகவே இருக்கும்? கோடவுனில் மூட்டைக்கு நடுவே தரகர்களை வரிசையில் நிற்க வைத்து வியாபாரம் செய்ய முடியாது, முன் கடையைத் திறந்தாக வேண்டும். காலால் மிதித்தால் மூடி திறக்குமே, அப்படி ஒரு ஸ்டீல் டப்பாவை வாங்கி வந்து அவர் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் வைத்துவிட்டார். திரும்ப வைத்தேன், திரும்ப எடுத்தார். வேணாம்மா, கண்ணாடி வழியா தெருவுக்கே தெரியும், அவ என்ன நினைப்பா, என்கிறார். ஊர் என்ன நினைக்கும் என்றுகூடச் சொல்லவில்லை, நீ என்ன நினைப்பாய் என்கிறார். நான் வேணா வீட்லயே இருக்கறேன், அவ அனுப்பிச்ச மிஷின வெச்சு நீயும் உன் தம்பியும் பாத்துக்கங்க, என்கிறார். நீ அனுப்பிய அந்த ஈரம் பார்க்கும் மிஷினைப் பற்றி நான் குறை சொல்லவில்லை, ஈரத்தைச் சொல்கிறது. போன வருஷத்துச் சரக்கை இந்த வருஷத்தோடு கலந்தால் அதற்குத் தெரியாது, மருந்து நாற்றம் அதற்குத் தெரியாது, பொட்டலத்தின் மேலாக மட்டும் காய்ந்ததைத் தூவி அதை ஏமாற்ற நம் தரகர்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர் பல்லை ஏமாற்ற இன்னும் ஒருவனுக்கும் வழி தெரியவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், ஊரையே மிரட்டி வசூல் செய்கிற என் பேச்சு இந்த ஒரு மனுஷனிடம் இந்த ஒரு விஷயத்தில் செல்லவில்லை. உன் ஒரு ச்சீ போட்ட பூட்டு, சாவி உன்னிடம்தான் இருக்கிறது. உடனே அழுதுகொண்டு போன் செய்து, சாரிப்பா, சாரிப்பா, என்று ஆரம்பித்துவிடாதே, அவர் பயந்துபோய் எனக்கு ஒன்றுமே இல்லைம்மா என்று சொல்லி இன்னொரு பிடி பீன்ஸை விழுங்கிவிடுவார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீ கவலைப்பட்டாயே, நம்மிடம் வருகிறவர்கள் மூட்டைக் கணக்கில் வாங்குகிற ஆட்கள், அந்தப் பல் கடித்துத் துப்பினால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. டைல்ஸைப் பார்த்து அவர்கள் நினைப்பது ஒன்றுதான், இவங்க விலைய ஏத்திட்டாங்க.

நீ வேளைக்குச் சாப்பிடு. டப்பாவில் அடைத்து விற்பதைத் தின்று காலம் தள்ளாதே, பயறு எதை வாங்கினாலும் ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவை, அரைவேக்காட்டில் இறக்கி ஆரோக்கியம் என்று பெயர் வைத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு நெஞ்செரிச்சல் என்று போன தடவை சொன்னாய், டாக்டரிடம் போவதற்கு முன் அவர் ஆபீஸில் ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்து பார். நீ கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கெட்டிக்காரத்தனத்தை எதிராளி வயிற்றில் இறக்காமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நிறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும். அடுத்த விடுமுறை நாளில் அப்பாவை வீடியோவில் கூப்பிட மறக்காதே, வீட்டுக்கு இல்லை, கடைக்கு. அன்று நானும் அவரும் மட்டும் போய் முன் கடையைத் திறப்போம்.

நேற்று ராத்திரி உன் அப்பாவும் நானும் பேசி முடித்தது இது. கண்ணாடிக் கதவு இருக்கும், டைல்ஸ் இருக்கும், ஏசியும் இருந்து தொலையட்டும். துப்பாதீர் போர்டு கோடவுனுக்குப் போகும், அங்கே யாரும் எதையும் படிப்பதில்லை. சிவப்பு பீன்ஸ் இனி அவர் வாய்க்குப் போகாது, அதற்கு மிஷின். மற்றதெல்லாம் பல். ஸ்டீல் டப்பா அவர் மேஜைக்கு இடது பக்கம் இருக்கும். இதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், நான் ஒத்துக்கொண்டுவிட்டேன், நீயும் ஒத்துக்கொள்கிறாய். நீ வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு பிடி கடலையைக் கடித்து, உன் கண்ணுக்கு முன்னாலேயே அந்த டப்பாவில் துப்புவார். நீ முகத்தைச் சுளிக்கவில்லை என்றால் டப்பா அங்கேயே இருக்கும், அவரும் அங்கேயே இருப்பார். சுளித்தால் இரண்டும் வீட்டுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அம்மா